பதினேழாம் நம்பர் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை

தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் போகிற சாலையில் நாற்பத்தெட்டு வீடுகளும் ஒரே ஒரு மாடிப்படியும் கொண்ட ஒரு குடியிருப்பு உண்டு. அதன் இரண்டாம் மாடியில், நாற்பத்தோராம் நம்பர் வீட்டுக் கதவை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பால் பாக்கெட் எடுப்பதற்காகத் திறந்த தங்கபுஷ்பம், வாசலில் தன்னுடையதல்லாத ஒரு பச்சை வாளி நிற்பதைக் கண்டாள், வாளிக்குப் பின்னால் அரிசி புடைக்கிற ஒரு சுளகு நிற்பதையும், சுளகுக்குப் பின்னால் ஒரு கால் குட்டையான முக்காலி நிற்பதையும் கண்டாள், முக்காலி அப்போதுதான் படியேறி வந்திருக்க வேண்டும், இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். அந்த ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பை அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களிடம் நேரம் இல்லை என்று சொன்னாள், அது உண்மையும்கூட. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டில் ஏற்கெனவே மூன்று கடிகாரம் மூன்று நேரம் காட்டிக்கொண்டிருந்ததால் அதை வாங்கின கடைக்கே கொண்டுபோய், பீங்கான் பொம்மைகளையும் பிளாஸ்டிக் ரோஜாக்களையும் ஒரு சுற்று பார்த்து எதுவும் பிடிக்காமல், கடைசித் தட்டில் தூசி படிந்து கிடந்த பன்னிரண்டு கட்டிகள் கொண்ட வாட்டர்கலர் பெட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாள். வரைய வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அதுவரை இருந்ததில்லை. மறுநாள் காலை முழுக்கக் கரண்ட் இல்லை, டிவி இல்லை, மின்விசிறி இல்லை, எதிரே மஞ்சள் பிளாஸ்டிக் குடம் இருந்தது.

குடம் மஞ்சள் என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்திருந்தாள். உட்கார்ந்து பார்த்தபோது மஞ்சள் ஒரு ஓரத்தில் மட்டும்தான் இருந்தது, அடியில் பச்சை ஊறியிருந்தது, கழுத்தில் மாம்பழத்தின் நிறம், ஜன்னல் வெளிச்சம் விழுந்த வயிற்றில் நிறமே இல்லை, அந்த இடத்தில் காகிதத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டால் அதுவே பளபளப்பாகிவிட்டது. போர்வெல் தண்ணீரில் தூரிகையை நனைத்ததால், அந்த ஊர்த் தண்ணீரின் உப்பு சாயத்துக்குள் பொரிந்து, காயக் காயச் சின்னச் சின்ன நட்சத்திரங்களாக வெளிறிற்று. தங்கபுஷ்பம் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். அன்று முதல் தன் வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் வரைந்தாள், இடுக்கியை, உப்புஜாடியை, ஒரு காது போன சல்லடையை, பாதி தேய்ந்த சோப்பை, கொடியில் காயும் துண்டை, ஒரு நாளைக்கு ஒன்று என்று நாற்பது நாள் வரைந்து, நாற்பதாம் நாள் வீட்டில் வரையாத பொருள் ஒன்றும் பாக்கியில்லை என்று ஆனபோது, நாற்பத்தோராம் நாள் காலை மற்ற வீட்டுப் பொருள்கள் வந்து வாசலில் நின்றன. ஏன் வந்தன என்று அவள் கேட்கவில்லை. வந்த வரிசைப்படி முதலில் வாளியை உள்ளே தூக்கிப்போய் ஸ்டூலில் வைத்து, காகிதத்தை நனைத்தாள்.

சற்று நேரத்தில் அடுத்த வீட்டு மெர்சி தேடிக்கொண்டு வந்தாள். "புஷ்பக்கா, எங்க வீட்டு வாளி இங்கயா இருக்கு? பிள்ளைய குளிக்காம நிக்குதுவ."

"பத்து நிமிஷம் பொறு மெர்சி. அடிப்பக்கம் காயட்டும்."

"வாளியா காயணும்?"

"படம்."

மெர்சி எட்டிப் பார்த்தாள். படத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்தே விட்டாள். "ஆறு வருஷமா இந்த வாளியில தண்ணி பிடிக்கேன்க்கா. கைப்பிடிக்குக் கீழ இப்படி ஒரு ஊதா இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றாள். படம் காய்ந்ததும் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாளியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கிப் போனாள், அன்று பிள்ளைகள் குளிக்காமலே பள்ளிக்கூடம் போயின.

மறுநாள் ஏழு பொருள்கள் வந்தன, அதற்கு மறுநாள் பதினைந்து. எப்படி வருகின்றன என்பதை யாரும் சரியாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒரு துடைப்பம் போவதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள். பார்த்த ஒன்றிரண்டு பேரும், பூனை வருவது போலத்தான் வருகின்றன, நாம் பார்த்தால் நிற்கின்றன, திரும்பினால் நகர்கின்றன என்றார்கள். இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டிக்கு மாடியேற ஒரு காலை முழுக்கப் பிடித்தது, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியது, அதுவரை இஸ்திரிக்காரர் கீழே பீடி குடித்தபடி காத்திருந்தார். வரையப்பட்ட பொருள் தானாக வீடு திரும்பிவிடும், படத்தை மட்டும் உடையவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் அருவாமனையைக் காணவில்லை என்றால் யாரும் பதறவில்லை, இரண்டாம் மாடிக்குப் போயிருக்கும், பத்து மணிக்கு வந்துவிடும் என்று சொல்லி அன்றைக்கு நறுக்கத் தேவையில்லாத பருப்புக் குழம்பை வைத்தார்கள்.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நயினார் ஒழுங்கு பிடித்த மனிதர். மாடிப்படியில் இரண்டு பேர் சட்டியில் தடுக்கி விழுந்த பிறகு அவர் ஓர் அட்டையில் எழுதி மாட்டினார்: பொருள்கள் படியின் இடது ஓரமாக நிற்கவும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரங்கள் ஆறிய பிறகே வரவும். கேஸ் சிலிண்டர்கள் எக்காரணம் கொண்டும் வரக் கூடாது. பொருள்கள் அதை வாசித்தனவா என்று தெரியாது, ஆனால் இடது ஓரமாகத்தான் நின்றன. சிலர் பாதிரியாரிடமும் சிலர் அம்மன் கோயில் பூசாரியிடமும் போய்க் கேட்டார்கள். அவர் இது எங்கள் பக்கத்துச் சமாச்சாரம் இல்லை என்றார், இவரும் அதையே சொன்னார், அடுத்த வாரம் பாதிரியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடும் பூசாரியின் விபூதித் தட்டும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றன.

அந்தக் காலத்தில் அந்தக் குடியிருப்பைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வருகிற ஆள் வாசலில் உட்கார்ந்து தன் சீப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பானாம், சாம்பார் வாளியின் உட்புறத்தில் தெரிந்த செம்பு நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒருத்தி ஆறரை மணி பஸ்ஸை விட்டுவிட்டாளாம், அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லையாம். யாருக்கும் புதிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை, வைத்திருந்ததே கிடைத்தது, அதுவே அவர்களுக்கு நிறைய இருந்தது.

ஆனால் மனிதர்கள் சந்தோஷத்தைச் சந்தோஷமாக மட்டும் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள், பிறகு அதைக் கௌரவமாக்கிவிடுவார்கள். படங்களுக்குச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற சுவரில் மாட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு போயிருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை என்று குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு படமும் இருக்கிறதா என்று விசாரித்தார்கள், பொருள் தானாக நடந்து போகிற வீடு நல்ல வீடு என்று எப்படியோ ஒரு பேச்சு ஏற்பட்டு அது சாலையைத் தாண்டி ஊருக்குள்ளும் பரவிவிட்டது. அப்போதுதான் எல்லோருடைய கண்ணும், முதல் மாடியில் படியேறியதும் எதிர்ப்படும் பதினேழாம் நம்பர் வீட்டின் மேல் விழுந்தது. நாற்பத்தெட்டு வீடுகளில் அந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன்கூட வரவில்லை.

பதினேழாம் நம்பரில் உலகம்மாள் இருந்தாள், உப்புக் கம்பெனியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் மேஸ்திரியான அவள் கணவர் சிவனணைஞ்ச பெருமாள் இருந்தார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அவர்களுடைய ஒரே மகள் சங்கரகோமதி இருந்தாள். அந்தக் குடியிருப்பிலேயே சுத்தமான வீடு அதுதான். உலகம்மாள் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினாள், வெண்கலத்தைத் தேய்த்து நிலாவாக்கினாள், எல்லாவற்றையும் வாசலுக்கு அருகே வரிசையாக வைத்துக் கதவை அகலத் திறந்து போட்டு, பொருள்கள் படியேறும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், நாம் பார்த்தால்தானே கூச்சப்படும் என்று. திரும்பிப் பார்த்தால் விளக்கு இருந்த இடத்தில் இருந்தது, சொம்பு இருந்த இடத்தில் இருந்தது, மூன்றாம் நம்பர் வீட்டுக் குப்பைக்கூடை அவள் வாசலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. பதினேழில் என்னமோ சரியில்லை என்று நேரே சொல்லாதவர்கள், உங்க வீட்டுச் சாமான் எல்லாம் சௌக்கியமா என்று கேட்டார்கள். சங்கரகோமதிக்கு ஆழ்வார்திருநகரியில் ஒரு வரன் பொருந்தி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியவர்கள், கூடவே, உங்க காலனியில எல்லா வீட்டிலயும் படம் இருக்காமே, உங்க வீட்டுப் படத்தையும் பாத்துக்கிடலாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை உலகம்மாள் குத்துவிளக்கை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, வரிசையில் நின்ற பொருள்களைத் தாண்டி நாற்பத்தோராம் நம்பருக்குள் நுழைந்தாள்.

"யக்கா, இது தானா வரல. நான்தான் தூக்கிட்டு வந்தேன். யார்ட்டயும் சொல்லாம வரைஞ்சு குடுத்துருங்க" என்றாள்.

தங்கபுஷ்பத்துக்கு அதில் தயக்கம் இல்லை. தானாக வந்தால் என்ன, தூக்கிக்கொண்டு வந்தால் என்ன, விளக்கு விளக்குதான். காகிதத்தை நனைத்து மஞ்சளைத் தொட்டு வைத்தாள். சாயம் சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு, காகிதத்தின் விளிம்பு வரை ஓடி, தரையில் சொட்டிற்று. காகிதத்தை மாற்றினாள், தூரிகையை மாற்றினாள், குழாய்த் தண்ணீருக்குப் பதில் குடி தண்ணீர் எடுத்தாள். ஒரு பொட்டு நிறம்கூடப் பிடிக்கவில்லை.

உலகம்மாள் அழுதாள். "என் வீட்டுல என்னக்கா குத்தம்? இந்தப் பிள்ளைக்கு வாரதும் கலைஞ்சு போனா நான் என்ன செய்வேன்?"

"குத்தம் ஒண்ணும் இருக்காது" என்றாள் தங்கபுஷ்பம், தரையைத் துடைத்தபடி. "எனக்கு இன்னும் சரியாக் கண்ணுல படல, அவ்வளவுதான். நாளைக்கு நான் ஒன் வீட்டுக்கே வாரேன். இருந்து பாக்கேன்."

செவ்வாய்க்கிழமை பெட்டியும் காகிதமுமாகத் தங்கபுஷ்பம் பதினேழாம் நம்பருக்குள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தெரிந்தது, அந்த வீட்டில் எதன் மேலும் ஏதாவது ஒன்று போர்த்தியிருந்தது. டிவிக்குப் பூப்போட்ட துணி, மிக்சிக்குச் சட்டை, சோபாவுக்கு வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் உறை, அது வியர்வைக்குத் தொடையில் ஒட்டி எழுந்திருக்கும்போது சத்தம் போட்டது. கண்ணாடி அலமாரிக்குள் சங்கரகோமதி பிறந்த நாளிலிருந்து அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த எவர்சில்வர் பாத்திரங்கள், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் இருபத்து நான்கு வருஷமாக அடுக்கியிருந்தன. உலகம்மாள் அன்று வெள்ளிக் குங்குமச்சிமிழை எடுத்து வைத்தாள், சாயம் உருண்டது. புதன்கிழமை அலமாரியைத் திறந்து ஆறு கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வைத்தாள், உருண்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த சிவனணைஞ்ச பெருமாள், கைகால் கழுவிவிட்டு, அடுக்களைக் கதவோரம் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"இங்க சோபாவுல உக்காரலாமே அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

"அதுல ஒட்டும்" என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

இதற்குள் மேல்மாடியில் வரிசையில் நின்ற பொருள்கள் ஆளைக் காணாமல் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பதினேழாம் நம்பர் வாசலில் நிற்க ஆரம்பித்தன. வியாழக்கிழமை காலை உலகம்மாள் கோலம் போடக் கதவைத் திறந்தால் கோலம் போட இடமில்லை. அடுத்த வீட்டு ஆட்டுரல் குழவியும் எதிர்வீட்டுச் செருப்பும் ஊரார் தட்டுமுட்டும் அவள் வாசலில் காத்திருந்தன, வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் படியில் நின்றார்கள், உள்ளே தங்கபுஷ்பம் புது மிக்சியை வரைந்து வரைந்து நான்காவது காகிதத்தையும் வீணாக்கிக்கொண்டிருந்தாள், அந்த முதல் மாடியில் காற்றே இல்லை. பதினோரு மணிக்கு உலகம்மாளுக்குத் தலை சுற்றியது. விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள், குடத்தைச் சாய்த்தாள், அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள், தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது.

தூரிகை கழுவுவதற்காகப் பின்னாலேயே வந்த தங்கபுஷ்பம் கதவருகே நின்றுவிட்டாள். உலகம்மாளின் கையில் தண்ணீர் மோக்கிற ஓர் அலுமினியப் போணி இருந்தது. கைப்பிடி எப்போதோ போய், அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித்தழும்பு மட்டும் இருந்தது, வாய் ஒரு பக்கம் நசுங்கி, அடி கறுத்துக் கிடந்தது.

"இது இத்தன நாளும் எங்க இருந்தது?"

"இதுவா? எங்க இருக்கும், கையிலயேதான் இருக்கும். அரிசி அளக்க, தண்ணி மோக்க, பிள்ளைக்குச் சின்னதுல தலைக்கு ஊத்தினது எல்லாம் இதுலதான்" என்றவள், தங்கபுஷ்பத்தின் கண் போகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. சத்தியமா வேண்டாம். நாளைக்கு அவிய வாராவ. இதைப் போய்ச் சுவத்துல மாட்டவா?"

"மாட்டுறதும் மாட்டாததும் ஒன் இஷ்டம் உலகம்மா. வரையுறது என் இஷ்டம். அதை அந்த ஜன்னல்கிட்ட வை."

உலகம்மாள் வைத்தாள், வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கபுஷ்பம் அடுக்களைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காகிதத்தை மடியில் வைத்து, வெளிர் நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தொட்டு வைத்தாள். காகிதம் குடித்தது. மூன்று நாள் தாகத்தோடு இருந்தது மாதிரி குடித்தது, நீலம் போணியின் வயிற்றுக்குள் பரவி, ஈரம் காய்வதற்குள் வைத்த காவியோடு போய்க் கலந்து, அடியில் கரியாக இறங்கி நின்றது, நசுங்கின வாயில் ஒரு கீற்று வெள்ளைக் காகிதம் அப்படியே மிஞ்சி மினுங்கியது. அந்த ஊர் உப்பு அதன் மேல் பொரிந்து பொரிந்து பூத்தது.

படம் காயும்வரை தங்கபுஷ்பம் தூரிகையைக் கழுவினாள். பிறகு உலகம்மாள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல ஆகாசம் இருக்கேக்கா" என்றாள்.

"ஒன் ஜன்னல் ஆகாசம்தான். தினமும் இதுக்குள்ளதான் விழுந்து கிடக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

வெள்ளிக்கிழமை சிவனணைஞ்ச பெருமாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். உலகம்மாள் படத்தைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டச் சொன்னாள், அவரோ வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். எடுக்க நேரமில்லை, நாலரைக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஆவுடையப்பன், மின்வாரியத்தில் வேலை, உயரமான ஆள், வலது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. கூடவே அவன் அம்மாவும் சித்தியும். படியில் நின்றவர்கள் இறங்கிப் போகாமல் காது கொடுத்து நின்றார்கள்.

சித்திதான் முதலில் எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தாள். "இது என்னது, நசுங்கின போணியா?" என்றாள். "நாலு பேரு பாக்குத இடத்துல வைக்க ஒரு வெள்ளிச் சாமான்கூடவா இல்ல இந்த வீட்டுல?"

படியில் யாரோ இருமினார்கள். உலகம்மாள் கையில் காபித் தட்டோடு நின்றாள். ஒரு வருஷமாகக் குழாயடியில் வாங்கிய பார்வைகளுக்கெல்லாம் சேர்த்து அழப்போகிறாள் என்றுதான் சங்கரகோமதி நினைத்தாள், ஆனால் உலகம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வெள்ளி உள்ள இருக்கு, அது பெட்டிக்குள்ள கிடக்கு. இது எங்க வீட்டுப் போணி, இதுலதான் நாங்க இத்தன வருஷமும் தண்ணி குடிச்சோம். பிடிச்சா இருங்க, பிடிக்கலன்னா காபியக் குடிச்சுட்டுக் கிளம்புங்க. காபி நல்லா இருக்கும்."

ஆவுடையப்பன் எழுந்து படத்துக்கு அருகே போய், பின்னால் கைகட்டி, குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு திரும்பி, நேரே சங்கரகோமதியிடம் கேட்டான்.

"இந்த நெளிவு எப்படி விழுந்துச்சு?"

"ஆறாம் கிளாஸ்ல கணக்குல முப்பத்தோரு மார்க் வாங்கினேன்" என்றாள் சங்கரகோமதி. "அன்னைக்கு எங்க அம்மா இதைத் தூக்கி எறிஞ்சா."

"பட்டுச்சா?"

"இல்ல, குனிஞ்சுட்டேன். செவுருல போய் விழுந்துச்சு."

"கணக்கு டீச்சர்னு சொன்னாங்க."

"அதுக்கப்புறம் யாரு முப்பத்தொண்ணு வாங்குவா?"

உலகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் தோள் குலுங்கி, பிறகு சத்தமாகவே சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே மகனின் புருவத்தைக் காட்டினாள். "நான் எறிஞ்சது இட்லித் தட்டு. இவன் குனியல" என்றாள். ஆவுடையப்பன் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றான், சங்கரகோமதி அதைப் பார்த்துச் சிரித்தாள், படியில் நின்றவர்கள் சிரித்தார்கள், சித்திகூடக் காபியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆவணியில் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். போகும்போது மாப்பிள்ளை செருப்பு மாட்டுகிற சாக்கில் இன்னொரு தடவை படத்தைப் பார்த்துவிட்டுப் போனான், பெண்ணையும்.

மறுநாள் சனிக்கிழமை விடிந்து, பால்காரர் மணியடித்துப் போன பிறகு, பதினேழாம் நம்பர் வீட்டுக் கதவு வழியாக ஒரு கரித்துணி வெளியே வந்தது. அதன் பின்னால் காம்பில் கம்பி சுற்றிய கரண்டி வந்தது, பல் போன தேங்காய்த்துருவி வந்தது, மூலையில் ஒட்டுப் போட்ட சாக்கு மடிப்புக் கலையாமல் வந்தது, ஒரு காலுக்கான செருப்பு மட்டும் வந்தது. அலமாரிக்குள் இருந்த எதுவும் வரவில்லை, அவற்றுக்கு இன்னும் நாளிருந்தது. நயினார் ஓடிப்போய்ப் படியில் நின்றவர்களை ஒதுக்கி வழிவிட்டார். மெர்சி கைதட்டினாள். குழாயடிப் பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பழைய சாமான்கள் ஒவ்வொரு படியாக ஏறிப் போவதை, கல்யாண ஊர்வலத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் உலகம்மாள் வந்தாள். நைந்துபோன கத்திரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள், தலைமுடி ஈரமாக இருந்தது, இடுப்பில் அடுப்புக் கரி ஒட்டியிருந்தது.

"ஏட்டி, எங்க போற?" என்று வாசலில் நின்று கேட்டார் சிவனணைஞ்ச பெருமாள்.

"வரிசையில நிக்கப் போறேன்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

நாற்பத்தோராம் நம்பர் வாசலில் பொருள்கள் கொஞ்சம் நெருங்கி நின்று அவளுக்கு இடம் விட்டன. யாரும் அவளை முன்னால் போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு குடைக்கும் ஒரு மாவுச்சல்லடைக்கும் நடுவே, சுவரில் சாய்ந்து, இரண்டு மணி நேரம் நின்றாள். முன்னால் நின்றவை ஒவ்வொன்றாக உள்ளே போய்த் திரும்பின. அவள் முறை வந்தபோது தங்கபுஷ்பம் கதவைத் திறந்து, அடுத்து என்ன என்று கீழே பார்த்தாள், கீழே இரண்டு வெறும் கால்கள் இருந்தன, பிறகு நிமிர்ந்தாள். அதுநாள் வரை அவள் ஒரு மனுஷியை வரைந்ததில்லை.

"உள்ள வா உலகம்மா."

"பட்டு உடுத்தலக்கா. போய் முகமாவது கழுவிட்டு வரட்டா?"

"வேண்டாம். அந்த ஸ்டூல்ல உக்காரு."

உலகம்மாள் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், பிறகு முழங்காலில் வைத்தாள், பிறகு மறுபடியும் மடியிலேயே வைத்தாள். தங்கபுஷ்பம் காகிதத்தை நனைக்கவில்லை, தூரிகையை எடுக்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் உலகம்மாளின் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு நகர்கிறவரைக்கும் பார்த்தாள். அப்படி யாரும் தன்னைப் பார்த்து உலகம்மாளுக்குப் பழக்கமில்லை.

"என்னக்கா, இவ்வளவு நேரமா பாக்கிய?"

"நெறைய இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். "அசையாம இரு."

தண்ணீர் காகிதத்தில் இறங்கியது. வெளியே வராந்தாவில், தார்ப்பாய்க் கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படியேறி வந்த சிவனணைஞ்ச பெருமாள், சுற்றுமுற்றும் யாரையும் பார்க்காமல், வரிசையின் கடைசியில் ஒரு துடைப்பத்துக்குப் பின்னால் போய் நின்றார்.